மெலிவு நோயின் பகுதியன்று: கடும் நரம்பு, இயக்கக் குறைபாடுடைய குழந்தைகளின் உணவூட்டம்

தலையை நிமிர்த்தி வைத்திருக்கவோ, கையை வாய்க்குக் கொண்டு செல்லவோ, நாவில் இட்டதை மென்று விழுங்கவோ இயலாத அளவுக்கு மூளையும் நரம்புகளும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் மெலிந்தே காணப்படுகின்றனர். விலா எலும்பு தெரியும் மார்பும் ஒட்டிப்போன தொடையும் அந்த நோயின் இயல்பான தோற்றமே என்று குடும்பத்தினரும், பல வேளைகளில் மருத்துவப் பணியாளரும் ஏற்றுக்கொண்டுவிடுகின்றனர். கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் இந்த ஏற்பு பிழையானது என்று காட்டியுள்ளன. மூளையில் நேர்ந்த சேதம் மீளாதது. மெலிவோ, பெரும்பகுதி, போதிய உணவு உடலுக்குள் சென்று சேராததன் விளைவு. அது தனியே கண்டறியப்பட வேண்டிய, தனியே சிகிச்சை அளிக்கப்பட வேண்டிய ஒரு நிலை. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில், அதே பெயருடைய ஆற்றை ஒட்டி நெருக்கமாக அமைந்த சுங்கை பினாங் போன்ற ஒரு குடியிருப்புப் பகுதியில் இந்தச் சிக்கல் எவ்வாறு உருவாகிறது, அதை எளிய வழிகளால் எந்த அளவுக்குத் தீர்க்க முடியும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இக்குழந்தைகளில் மிகப் பெரிய பிரிவினர் பெருமூளை வாதம் எனப்படும் நிலையில் இருப்பவர்கள். கருவிலோ, பிறப்பின்போதோ, பிறந்த சில காலத்திலோ வளரும் மூளைக்கு நேரும் சேதத்தால் உடல் அசைவும் உடல் நிலையும் நிரந்தரமாகப் பாதிக்கப்படுவதே பெருமூளை வாதம். வருவாய் மிகுந்த நாடுகளில் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 1.6 பேருக்கு இது நேர்வதாக அண்மைக் கணக்கீடுகள் கூறுகின்றன. வருவாய் குறைந்த நாடுகளில் விகிதம் இதைவிட அதிகம். குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது உயிர்வளி கிடைக்காமை, மூளையழற்சி ஆகியவற்றுடன் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் பெரிதும் அஞ்சப்பட்ட காரணம் ஒன்று உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள சிசுக்களுக்குக் கடும் மஞ்சள் காமாலை ஏற்பட்டு, பித்த நிறமி மூளையில் படிந்து நிரந்தரச் சேதம் விளைவிப்பதுதான் அது. பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்நொதியைச் சோதிப்பதும், செவிலியர் வீடு தேடி வந்து சிசுவின் கண்ணையும் தோலையும் பார்ப்பதும் மலேசியப் பொதுச் சுகாதாரத்தின் அமைதியான சாதனைகளாகும். இந்த வகைச் சேதத்துக்கு ஆளான குழந்தைகளின் உடல் ஓயாமல் முறுக்கி அசைந்துகொண்டே இருப்பதால், படுத்த படுக்கையாக இருக்கும் மற்றக் குழந்தைகளைவிட அவர்களுக்குக் கூடுதல் உணவாற்றல் தேவைப்படுகிறது. எல்லோருக்கும் ஒரே அளவு என்று கணக்கிட முடியாததற்கு இது முதல் எடுத்துக்காட்டு.

பாதிப்பின் கடுமையை அளக்க உலகெங்கும் பயன்படுவது, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1997-இல் வகுக்கப்பட்ட ஐந்து நிலைகள் கொண்ட இயக்கத்திறன் வகைப்பாடு. முதல் நிலையில் உள்ள குழந்தை தடையின்றி நடக்கும். ஐந்தாம் நிலையில் உள்ள குழந்தைக்குத் தலையையும் உடலையும் தாங்கிப் பிடிக்கவே பிறர் வேண்டும். இக்கட்டுரை பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் நிலைக் குழந்தைகளைப் பற்றியது. உண்பதற்கும் குடிப்பதற்கும் இதைப்போன்ற ஐந்து நிலை வகைப்பாடு ஒன்றை இங்கிலாந்தில் டயேன் செல்லர்ஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்டனர். ஒரு குழந்தை நடக்குமா என்று கேட்கப்பட்ட காலத்திலிருந்து, அது பாதுகாப்பாக விழுங்குமா என்று அதே அக்கறையுடன் கேட்கும் காலத்துக்கு வந்துசேர ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் பிடித்தன என்பது இத்துறையில் உணவூட்டம் எவ்வளவு பின்தங்கி நின்றது என்பதைக் காட்டுகிறது.

முதல் தடை அளவெடுப்பதிலேயே தொடங்குகிறது. மலேசியாவில் தாய்சேய் நலக் கிளினிக்குகள் ஒவ்வொரு குழந்தைக்கும் சுகாதாரப் பதிவேடு கொடுத்து, அதன் வளர்ச்சிக் கோட்டில் எடையையும் உயரத்தையும் குறித்துவருகின்றன. ஆனால் முட்டி மடங்கி, இடுப்பு திருகி, முதுகுத்தண்டு வளைந்த குழந்தையை நிற்க வைத்தோ நீட்டிப் படுக்க வைத்தோ உயரம் அளக்க முடியாது. உயரம் தெரியாவிட்டால் எடை அந்த உயரத்துக்குப் போதுமா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது. பதிவேட்டில் அந்தக் கட்டம் வெறுமையாக விடப்படுகிறது. கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் வாழும் குழந்தைகளைப் பற்றி யூனிசெஃப் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்டோரில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதைக் காட்டியது. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு நாடு முழுவதற்கும் 21.8 விழுக்காடு என்று பதிவுசெய்தது. நின்று உயரம் காட்ட முடியாத குழந்தைகளின் நிலையை இத்தகைய கணக்கெடுப்புகளால் எளிதில் படம்பிடிக்க இயலாது. நடந்து திரியும் குழந்தைகளிடையே ஐந்தில் ஒருவர் குட்டையாக இருக்கும் ஒரு நாட்டில், பிறர் ஊட்டினாலன்றி உண்ண முடியாத குழந்தையின் நிலை இதைவிட மேலாக இருக்க முடியாது என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை.

தீர்வு மிக எளியது என்பதே வேதனைக்குரியது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ரிச்சர்ட் ஸ்டீவன்சன் 1995-இல் வெளியிட்ட சூத்திரப்படி, குதிகாலிலிருந்து முட்டியின் மேற்புறம் வரையுள்ள நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து 2.69-ஆல் பெருக்கி 24.2-ஐக் கூட்டினால், பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தையின் உயரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். முட்டி நீளம் 27 செ.மீ. உள்ள குழந்தையின் உயரம் இவ்வகையில் ஏறக்குறைய 97 செ.மீ. ஆகும். எடைக்குத் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறையும், தனியாக ஒரு முறையும் தராசில் ஏறினால் போதும். மூன்றாவதாக, மேற்கையின் பின்புறத் தோலைக் கிள்ளி அதன் தடிமனை அளக்கும் சிறு கருவி, தோலுக்கடியில் உள்ள கொழுப்பின் சேமிப்பைக் காட்டுகிறது. இயக்கமற்ற குழந்தைக்குத் தசை குறைவாகவே இருக்கும் என்பதால் எடை மட்டும் பார்த்து முடிவெடுப்பது ஏமாற்றிவிடும். எடை குறைவாக இருந்தும் கொழுப்பு போதுமானதாக இருக்கலாம், எடை சரியாகத் தோன்றியும் அது பெரும்பாலும் கொழுப்பாக இருக்கலாம். ஐரோப்பியக் குழந்தைகள் இரைப்பைக் குடலியல் சங்கத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், எடையையும் உயரத்தையும் மட்டும் நம்பாமல் உடற்கொழுப்பின் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இங்கு ஒரு கருத்து வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். கலிபோர்னியாவில் 25,545 பெருமூளை வாதக் குழந்தைகளின் எடைகளைத் திரட்டி, ப்ரூக்ஸ் முதலானோர் 2011-இல் அவர்களுக்கென்றே தனி வளர்ச்சிக் கோடுகளை வெளியிட்டனர். மூன்று முதல் ஐந்து வரையான நிலைகளில் எடை அந்தக் கோட்டின் 20-ஆம் சதமானத்துக்குக் கீழே சென்றால் மரண ஆபத்து கூடுகிறது என்றும் காட்டினர். இக்கண்டுபிடிப்பு மதிப்புமிக்கது. எனினும் அந்தக் கோடுகள் இக்குழந்தைகள் உண்மையில் எப்படி இருக்கின்றனர் என்பதைச் சொல்கின்றனவே தவிர, எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அவற்றை வரையப் பயன்பட்ட குழந்தைகளிலேயே பலர் பசித்திருந்தவர்கள். ஐரோப்பிய வழிகாட்டுதல் ஊட்டக்குறைவைக் கண்டறிய இக்கோடுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று கூறுவதன் நியாயம் இதுவே. ஒரு குழந்தையை அதன் சென்ற மாத அளவுகளுடன் ஒப்பிட்டு, கோடு சரிகிறதா ஏறுகிறதா என்று பார்ப்பதே சிறு கிளினிக் ஒன்றுக்குப் பயன்தரும் வழி.

அடுத்து, உணவு ஏன் உள்ளே செல்வதில்லை என்பதைப் பார்க்க வேண்டும். விழுங்குதல் ஒரே செயல்போலத் தோன்றினாலும், உதடு மூடி உணவை வாய்க்குள் நிறுத்துவது, நாக்கு அதைத் திரட்டிப் பின்னுக்குத் தள்ளுவது, தொண்டையில் மூச்சுக்குழலின் வாய் மூடி உணவுக்குழலின் வாய் திறப்பது என்று நொடிப்பொழுதில் பல தசைகள் ஒழுங்காக இயங்கினால்தான் அது நிறைவேறும். கடும் பாதிப்புள்ள குழந்தையின் உதடு மூடாததால் ஊட்டியதில் ஒரு பகுதி வழிந்துவிடுகிறது; நாக்கு முன்னோக்கித் தள்ளுவதால் இன்னொரு பகுதி வெளியே வருகிறது; கரண்டி பல்லில் பட்டதும் தாடை இறுகிக் கடித்துக்கொள்கிறது. ஆகவே கிண்ணத்தில் எடுத்த அளவும் வயிற்றில் சேர்ந்த அளவும் ஒன்றல்ல. வேளைக்கு ஒரு கிண்ணம் ஊட்டியதாகத் தாய் சொல்வது முழு உண்மை. அக்கிண்ணத்தில் எவ்வளவு துண்டிலும் சட்டையிலும் சேர்ந்தது என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

இதைவிட ஆபத்தானது, உணவோ நீரோ மூச்சுக்குழலுக்குள் நழுவுவது. தமிழ்க் குடும்பங்களில் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது வழக்கம். நலமுள்ள குழந்தை இருமி அதை வெளியேற்றிவிடும் என்பதால் அவ்வழக்கத்தால் கேடில்லை. கடும் நரம்புப் பாதிப்புள்ள குழந்தையிடம் இரண்டு வகையில் நிலைமை மாறுகிறது. முதலாவது, அதன் இருமல் வலுவற்றது. இரண்டாவது, தொண்டையின் உணர்ச்சி மங்கிய குழந்தைகளிடம் இருமலே எழாமல் ஓசையின்றி உணவு நுரையீரலுக்குச் சென்றுகொண்டிருக்கும். அடிக்கடி வரும் சளிக்காய்ச்சல், உண்ணும்போது கண்ணில் நீர் தளும்புதல், மூச்சில் ஈரமான கரகரப்பு, உணவுக்குப் பின் குரல் தழுதழுத்தல் ஆகியவையே அதன் அடையாளங்கள். ஆண்டுக்குப் பலமுறை நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தையின் உணவு நேரத்தை யாரேனும் உடனிருந்து பார்த்தாலே காரணம் தெரிந்துவிடக்கூடும். தேவைப்பட்டால், பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரே அசைபடமாக எடுக்கும் சோதனை உறுதிசெய்யும்.

உடல் நிலை இதில் பாதி வேலையைச் செய்கிறது. கைக்குழந்தையை மடியில் மல்லாத்தி, சங்கில் பால் எடுத்து வாயோரத்தில் சாய்த்துப் புகட்டுவது தமிழ்த் தாய்மார் தலைமுறைகளாக அறிந்த கலை. உட்கார இயலாத குழந்தை ஐந்து வயதானாலும் கைக்குழந்தைபோலவே தோன்றுவதால், அன்பின் காரணமாகவே அதே முறை தொடர்கிறது. தலை பின்னுக்குச் சாய்ந்த நிலையில் மூச்சுப்பாதை அகலத் திறந்திருக்கும். ஊற்றிய பால் நாக்கின் கட்டுப்பாட்டுக்கு வராமல் புவியீர்ப்பால் தொண்டைக்குள் விழும். இடுப்பும் முட்டியும் மடங்கி, பாதம் ஏதேனும் ஒன்றில் ஊன்றி, முதுகு நிமிர்ந்து, முகவாய் சற்றே கீழ்நோக்கியிருக்க உட்கார வைத்து, ஊட்டுபவர் எதிரே குழந்தையின் கண்மட்டத்தில் அமர்ந்து, கரண்டியைக் கீழிருந்து கொண்டுவந்தால் விழுங்குதல் எளிதாகிறது. தனி நாற்காலி கிடைக்காத வீட்டில் சுருட்டிய போர்வையும் துண்டும் சுவர் மூலையும் அதே பணியைச் செய்யும்.

உணவின் பதம் மற்றொரு பாதி. நீர் பலமற்ற வாய்க்கு எளியது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் நீர்த்த பானமே மிகக் கடினமானது, ஏனெனில் அது தொண்டை தயாராகும் முன்பே ஓடிவிடுகிறது. 2013-இல் தொடங்கிய பன்னாட்டு முயற்சி ஒன்று, நீரிலிருந்து வழக்கமான திட உணவு வரை பூஜ்யம் முதல் ஏழு வரையான எட்டுப் பதநிலைகளை வகுத்துத் தந்துள்ளது. அதன் சோதனைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மில்லிலிட்டர் ஊசிக்குழல் ஒன்றே போதும். பானத்தை அதில் நிரப்பிப் பத்து நொடி ஒழுகவிட்டு, மீதி 1 மில்லிலிட்டருக்குக் குறைந்தால் அது நீர்ப்பதம், 4 முதல் 8 வரை நின்றால் இரண்டாம் நிலை, 8-க்கு மேல் நின்றால் மூன்றாம் நிலை, சற்றும் ஒழுகாவிட்டால் நான்காம் நிலையான கூழ்ப்பதம் என்று கொள்ள வேண்டும். ஊசிக்குழலின் அளவுக்கோடுகள் 61.5 மில்லிமீட்டர் நீளத்தில் அமைந்தவையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எந்தக் குழந்தைக்கு எந்தப் பதம் என்பதைப் பேச்சு, விழுங்குதல் சிகிச்சையாளர் முடிவுசெய்ய வேண்டும். வீட்டில் அதை நாள்தோறும் ஒரே அளவாகக் காப்பது ஊட்டுபவரின் கையில் இருக்கிறது.

பினாங்குத் தமிழ் வீட்டுச் சமையலறையை இந்த அளவுகோலுடன் நோக்கினால் சில உண்மைகள் புலப்படும். சளி பிடித்த குழந்தைக்கு நல்லது என்று ஊட்டப்படும் ரசம் கலந்த சோறு, நீரும் பருக்கையும் தனித்தனியே நிற்கும் இருபத உணவு. வாயில் நீர் முந்தி ஓடிவிட, பருக்கை பின்தங்கி நிற்கும். மைலோவில் நனைத்த பிஸ்கட்டும், தேநீரில் தோய்த்த ரொட்டித் துண்டும் அத்தகையவை. அவற்றுக்கு மாறாக, குழைய வேகவைத்து மசித்த சோறும் பருப்பும், பாலில் பிசைந்த இட்லி, கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், பூசணிக்காய் ஆகியவை ஒரே பதமாகத் திரண்டு நிற்கக்கூடியவை. அரிசிக் கஞ்சியைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. சூடாக இருக்கும்போது இளகியும் ஆறியபின் இறுகியும் நிற்கும் அது, உமிழ்நீரிலுள்ள நொதி கலந்ததும் மீண்டும் நீர்த்துவிடும். ஒரே கிண்ணத்துக்குள் எச்சிற்கரண்டி திரும்பத் திரும்பப் போவதால் உணவின் தொடக்கத்தில் பாதுகாப்பாக இருந்த பதம் முடிவில் இல்லாமல் போகலாம். சிறிது சிறிதாக வேறு கிண்ணத்தில் எடுத்து ஊட்டுவது இதைத் தவிர்க்கும்.

கஞ்சியின் இன்னொரு குறை அதன் ஆற்றல் குறைவு. வயிறு சிறியது, விழுங்கும் வேகம் குறைவு என்றிருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு கரண்டியும் கனமானதாக இருக்க வேண்டும். நீர்த்த கஞ்சி கரண்டிக்குக் கரண்டி பெரும்பாலும் தண்ணீரையே கொண்டுசெல்கிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 45 கிலோகலோரி தரும் என்பதால், மசித்த உணவில் நல்லெண்ணெயோ நெய்யோ தேங்காய்ப்பாலோ கலப்பது அளவைக் கூட்டாமல் ஆற்றலைக் கூட்டும் வழி. நன்கு வேகவைத்து மசித்த முட்டை, முள் முற்றிலும் நீக்கிய கெம்போங் மீன், வறுத்து நைசாகப் பொடித்துச் சலித்த நெத்திலி ஆகியவை புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தரும் மலிவான உள்ளூர்ப் பொருள்கள். இனிப்பூட்டிய கெட்டிப்பாலைப் பாலுக்கு மாற்றாகக் கருதுவது இங்குப் பரவலான பழக்கம். அதிலிருந்து கிடைப்பது பெரும்பாலும் சர்க்கரையே. எடையைக் காட்டி, புரதக் குறைவை மறைக்கும் என்பதால் இக்குழந்தைகளுக்கு அது இருமடங்கு தீங்கானது.

பதமும் உடல் நிலையும் சரியானாலும் எஞ்சி நிற்பது நேரம். இங்கிலாந்தில் பீட்டர் சல்லிவன் தலைமையில் நடந்து 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆக்ஸ்ஃபர்டு ஆய்வில், நரம்புக் குறைபாடுடைய குழந்தைகளில் 89 விழுக்காட்டினருக்கு உண்ணப் பிறர் உதவி தேவைப்பட்டது. 56 விழுக்காட்டினருக்கு உணவு விக்கியது. 59 விழுக்காட்டினருக்கு மலச்சிக்கல் இருந்தது. ஊட்டுவதே மன அழுத்தம் தரும், மகிழ்ச்சியற்ற வேலை என்று பெற்றோரில் ஐவரில் ஒருவர் கூறினர். அவற்றினும் முக்கியமான எண் வேறொன்று: 64 விழுக்காட்டுக் குழந்தைகளின் உணவையும் ஊட்டத்தையும் அதுவரை எவரும் மதிப்பிட்டதே இல்லை. செல்வமும் மருத்துவ வசதியும் மிகுந்த நாட்டின் நிலை அது. கிசெலும் பாட்ரிக்கும் 1988-இல் காட்டியபடி, கடும் பாதிப்புள்ள குழந்தை ஒரு கவளத்தை விழுங்கப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. உணவு வேளையை எவ்வளவு நீட்டினாலும் அக்குறை ஈடாவதில்லை. நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஊட்டுவதிலேயே கழிகிறது என்றால் குழாய்வழி உணவைப் பற்றிச் சிந்திக்க வேண்டும் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் வரம்பு வகுத்திருப்பது குழந்தையின் களைப்பையும் ஊட்டுபவரின் களைப்பையும் ஒருசேர எண்ணியே. தாய் மெனக்கெடவில்லை என்ற உறவினரின் குறைகூறலுக்கு இவ்வெண்கள் தக்க மறுமொழி.

ஊட்டக்குறைவு தனக்குத்தானே எரிபொருள் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. மெலிந்த உடலில் மூச்சுத் தசையும் இருமலும் மேலும் தளர்கின்றன, இருமல் தளர்ந்தால் நுரையீரல் நோய் அடிக்கடி வருகிறது, காய்ச்சலில் உணவு குறைகிறது, மெலிவு கூடுகிறது. இரைப்பையிலிருந்து உணவு எதுக்களித்து மேலே வருவதால் உணவுக்குழல் புண்ணாகி, வலியை உணவோடு சேர்த்து அறிந்துகொண்ட குழந்தை கரண்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்புகிறது. அதைப் பிடிவாதம் என்று தவறாகப் புரிந்துகொள்வோர் உண்டு. தாகம் என்று சொல்ல முடியாத குழந்தை, எச்சில் வடிவதாலும் பினாங்கின் புழுக்கத்தில் வியர்ப்பதாலும் நீரிழக்கிறது. நீர் புரையேறும் என்ற அச்சத்தில் பானமும் குறைக்கப்பட, மலம் இறுகுகிறது. இறுகிய வயிறு பசியைக் கொல்கிறது. மலச்சிக்கலுக்குச் சிகிச்சை அளித்த மாத்திரத்தில் உண்ணும் அளவு கூடுவது அனுபவம் மிக்க குழந்தை மருத்துவர் அறிந்ததே.

எலும்பின் கதி தனியே கவனிக்கத்தக்கது. நடுத்தர, கடும் பெருமூளை வாதமுள்ள குழந்தைகளிடம் ஹெண்டர்சன் குழுவினர் அமெரிக்காவில் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 77 விழுக்காட்டினரின் தொடை எலும்பின் கீழ்ப்பகுதி மிகவும் அடர்த்தி குறைந்திருந்தது. உடை மாற்றும்போது காலைத் தூக்கியதிலேயே எலும்பு முறிந்த நிகழ்வுகள் இத்துறையில் புதியவையல்ல. எலும்பில் எடை ஊன்றாமை முதற்காரணம். வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிடாயின், ஃபெனோபார்பிட்டால் போன்ற சில மருந்துகள் உடலின் வைட்டமின் டி-யைக் குறைப்பது மற்றொன்று. நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கே ஆண்டு முழுதும் வெயில் காயும் தீவில் இக்குறை வருவது விந்தையாகத் தோன்றலாம். மேல்மாடி வீட்டின் உள்ளறையில் கிடக்கும் குழந்தைக்கு அந்த வெயிலால் பயனில்லை.

வாய்வழி உணவு போதாத நிலையில் குழாய்வழி உணவு வருகிறது. மூக்கு வழியே இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாய் சில வாரங்களுக்கு ஏற்றது. அது இடம் மாறி நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஊட்டும் முன் சாற்றை உறிஞ்சி அதன் அமிலத்தன்மை பி.எச். அளவில் 5.5 அல்லது அதற்குக் குறைவாக உள்ளதா என்று பார்ப்பது பாதுகாப்பான நடைமுறை. நீண்டகாலத் தேவைக்கு வயிற்றின் சுவர் வழியே நேராக இரைப்பைக்குள் பொருத்தும் குழாய் சிறந்தது. பெரிய அறுவையின்றி அகநோக்கிக் கருவியின் உதவியால் அதைப் பொருத்தும் முறையை மைக்கேல் காடரர், ஜெஃப்ரி பான்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள் 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் முதன்முதலாகச் செய்தனர். முதல் நோயாளி நான்கரை மாதச் சிசு. இன்று பெரியவர்களிடமே மிகுதியாகப் பயன்படும் இம்முறை, விழுங்க முடியாத ஒரு குழந்தையின் தேவையிலிருந்து பிறந்தது என்பது நினைவில் நிற்கத்தக்கது.

சல்லிவன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட தொடர் ஆய்வில், இவ்வாறு குழாய் பொருத்தப்பட்ட 57 குழந்தைகளின் எடை ஓராண்டில் கணிசமாக ஏறியது. ஊட்டும் நேரம் குறைந்து, பராமரிப்போரின் வாழ்வும் தெளிவாக மேம்பட்டது. மறுபக்கம், வாய்வழி உணவையும் வயிற்றுக் குழாயையும் ஒப்பிடும் முறையான சமவாய்ப்புச் சோதனை ஒன்றேனும் நடக்கவில்லை என்று 2013-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு கண்டறிந்தது. குழாயுள்ள குழந்தைகளிடையே மரணம் அதிகம் என்ற கலிபோர்னியத் தரவுகளை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். மிகவும் நலிந்தவர்களுக்கே குழாய் வைக்கப்படுகிறது. தொற்று, கசிவு, குழாயைச் சுற்றிச் சதை வளர்தல் ஆகிய தொல்லைகள் உண்மையானவை. கடுமையாக மெலிந்த குழந்தைக்கு முதல் நாளிலேயே முழு அளவு கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் திடீரெனச் சரிந்து உயிராபத்து நேரலாம் என்பதால், மருத்துவமனையில் படிப்படியாகவே உயர்த்துவர். இவை அனைத்தையும் எடைபோட்டாலும், உரிய குழந்தைக்கு உரிய காலத்தில் பொருத்தப்படும் குழாய் பெரும் துணை என்றே சான்றுகள் சாய்கின்றன.

குடும்பங்கள் குழாயை மறுப்பதன் வேர் பெரும்பாலும் அறிவியலில் இல்லை. பேசாத, நடக்காத, சில வேளை தன்னை அடையாளம் காட்டவும் இயலாத குழந்தைக்கும் தாய்க்கும் இடையே எஞ்சியுள்ள உயிருள்ள உறவு ஊட்டுதல்தான். அதை ஒரு குழாயிடம் ஒப்படைப்பது தோல்வியாகவும் துரோகமாகவும் அவருக்குப் படுகிறது. இந்த மனநிலையை அறியாமை என்று ஒதுக்கும் மருத்துவர் பாதி நோயையே பார்க்கிறார். பாதுகாப்பாக விழுங்கும் திறன் சிறிதேனும் எஞ்சியிருந்தால், தேவையான ஆற்றலைக் குழாய் பார்த்துக்கொள்ள, சுவைக்காக நாவில் வைக்கும் சில கரண்டி பாயசத்தையோ மசித்த பழத்தையோ தொடரலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லப்பட வேண்டும். வீட்டுச் சமையலையே நைசாக அரைத்து, வடிகட்டி, அகலமான குழாய் வழியே கொடுக்கும் முறையும் உணவியல் நிபுணரின் மேற்பார்வையில் பல நாடுகளில் மீண்டும் இடம்பெற்று வருகிறது. விலை உயர்ந்த புட்டிப்பாலை மட்டும் நம்ப இயலாத குடும்பங்களுக்கு அது ஆறுதல், தூய்மை மட்டும் தளரக் கூடாது. 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கைச் சூழ்ந்ததுபோன்ற பெருவெள்ளத்தில் மின்சாரமும் அரைவை இயந்திரமும் நின்றுபோகக்கூடும் என்பதால், ஆற்றோரக் குடும்பங்கள் சில நாளுக்கான பால்மாவையும் தூய நீரையும் கைவசம் வைத்திருப்பது நல்லது.

குழாய் வந்தபின் எதிர்த்திசையில் ஒரு தவறு நேர்கிறது. இயக்கமற்ற குழந்தையின் ஆற்றல் தேவை அதே வயதுக் குழந்தையினுடையதைவிடக் கணிசமாகக் குறைவு. வயதை மட்டும் பார்த்துக் கணக்கிட்டால் கொழுப்பு விரைவில் சேர்ந்துவிடும். ஆற்றலைக் குறைக்கப் பாலின் அளவைக் குறைத்தாலோ இரும்பு, துத்தநாகம், வைட்டமின்கள், புரதம் ஆகியவையும் சேர்ந்து குறைகின்றன. ஆகவே ஆற்றல் குறைந்து நுண்சத்து நிறைந்த உணவைத் திட்டமிட்டு, மூன்று மாதத்துக்கொரு முறையேனும் தோல்மடிப்பை அளந்து திருத்திக்கொண்டே செல்ல வேண்டும்.

இவற்றுள் எவற்றைச் சமூக அளவில் செய்யலாம் என்பதற்கு வங்கதேசத் தலைநகர் டாக்காவின் முயற்சி வழிகாட்டுகிறது. ஏழைக் குடும்பங்களில் பராமரிப்போருக்கு உடல் நிலை, பதம், ஊட்டும் முறை ஆகியவற்றைக் குறைந்த செலவில் சில அமர்வுகளில் கற்றுக்கொடுத்த மெலனி ஆடம்ஸ் குழுவினர், குழந்தைகளின் மூச்சு நலமும் உண்ணும் ஒத்துழைப்பும் மேம்பட்டதையும், பராமரிப்போரின் மன அழுத்தம் குறைந்ததையும் 2012-இல் பதிவுசெய்தனர். எடை மட்டும் சீராக ஏறவில்லை. கற்றுக்கொடுத்தால் உணவு பாதுகாப்பாக உள்ளே செல்லும். உணவே போதாத வீட்டில் கற்பித்தல் மட்டும் எடை தராது. மலேசியாவில் இதற்கேற்ற அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 1984-இல் திரங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூகம் சார்ந்த மறுவாழ்வுத் திட்டம் சமூக நலத் துறையின்கீழ் இன்று நாடெங்கும் 500-க்கும் மேற்பட்ட நிலையங்களாகப் பரவியுள்ளது. பினாங்கில் பெருமூளை வாதக் குழந்தைகளுக்கான சங்கமும் இயங்குகிறது. சிறப்புச் சிகிச்சைக்குப் பினாங்கு மருத்துவமனை உள்ளது. தமிழ்நாட்டில் தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981-இல் நிறுவப்பட்ட அமர் சேவா சங்கம், ஊர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்து வீடு தேடிச் சென்று குழந்தைகளுக்கு மறுவாழ்வுச் சிகிச்சை அளிக்கும் முறையை வளர்த்திருக்கிறது. முட்டி நீள அளவு நாடாவையும் 10 மில்லிலிட்டர் ஊசிக்குழலையும் அத்தகைய பணியாளரின் பையில் சேர்ப்பதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஊட்டும் வேளையில் அரைமணி நேரம் உடனிருக்கும் பொறுமை தேவை.

பணமும் முதுகும் கடைசியாகப் பேசப்படுகின்றன. குடும்பங்களின் கணக்கில் அவை முதலில் நிற்கின்றன. படுத்த படுக்கையாக உள்ளவரைப் பராமரிப்போருக்குச் சமூக நலத் துறை தகுதி பார்த்து வழங்கும் மாதாந்திர உதவித்தொகை, முழுநேர வேலையை விட்ட தாயின் ஊதியத்துக்கு ஈடாகாது. அதைவிட வெளியே சொல்லப்படாத கவலை ஒன்று உண்டு. பதின்பருவத்தை நெருங்கும் குழந்தையைக் குளியலறைக்கும் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நாளில் பலமுறை தூக்கும் தாய், அதன் எடை கூடுவதை அஞ்சுகிறார்; உணவியல் நிபுணரின் இலக்கு எடை அவருடைய இடுப்பு தாங்கக்கூடிய எடையாக இல்லாமல் போகலாம். குழந்தைக்கு ஊட்டம் வேண்டும் என்று அவரும் விரும்புகிறார், ஆனால் தூக்க முடியாத நாளில் அதைக் கவனிக்க யார் வருவார் என்று அவருக்குத் தெரியவில்லை. எடை இலக்கை எழுதும் மருத்துவக் குழு அதே தாளில் தூக்கும் கருவி, சரிவுப் பலகை, இருவர் தூக்கும் முறை, மின்தூக்கி நிற்கும் மாடியில் வீடு ஆகியவற்றையும் பரிந்துரையாக எழுத வேண்டும்; மாநிலத்தின் வீடமைப்புத் துறையும் சமூக நலத் துறையும் அந்தத் தாளை மருந்துச் சீட்டுக்கு இணையாக மதிக்க வேண்டும்.